டோர்செட் பார்க்கில் நான் அடைத்த திண்டுகள்

ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு எனக்கு வாத்தியார் மெத்தை தைக்கும் ஒரு கோணூசிதான். சைக்கிள் கரியரில் தலையணை கட்டி வீடு வீடாக விற்றேன். யாழ்ப்பாணப் பட்டினத்தில் மெத்தைக்கடை போட்டேன். அது எரிந்தது, திரும்பப் போட்டேன். ஷெல் விழுந்தது, இன்னொரு தெருவில் போட்டேன். அந்தத் தெருவையும் விட்டுப் படகேறித் திருச்சிக்கு வந்தபோது, அகதிக்கு யார் கடைக்கு இடம் கொடுப்பார் என்று கேட்டவர்கள் இன்று என்னிடம்தான் மகளின் கலியாணத்துக்கு மெத்தை எடுக்கிறார்கள். இரண்டு தங்கைமாரைக் கட்டிக் கொடுத்தேன். மாடி வைத்த வீடு ஒன்று அங்கே கட்டினேன், ஒன்று இங்கே கட்டினேன். மனைவி போன பிறகும் கடையை ஒரு நாள் பூட்டவில்லை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், ரொறன்ரோவில் நோயோடு வாழும் பெண்கள் செய்யும் யோகாசன வகுப்பைப் பற்றி எழுத இவன் யார் என்று யாராவது கேட்கக்கூடும். அதற்காகத்தான்.

என்னைக் கனடாவுக்குப் போக வைத்தது மருமகன் குகனின் ஒரு ரெலிபோன். என் ஒரே மகள் வதனிக்கு மூட்டுவாதம். வயது முப்பத்தைந்து ஆகவில்லை. அவள் என்னிடம் ஒரு தடவையும் சொன்னதில்லை. போனில் எப்போதும் "நல்ல சுகம் அப்பா" என்பாள். குகன்தான் மறைக்க மனமில்லாமல் சொன்னான். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் அன்றே முடிவெடுத்துவிட்டேன். பனி கொட்டத் தொடங்குமுன் அவளைத் திருச்சிக்குக் கூட்டி வந்துவிடுவது. வைத்தியம் நான் பார்ப்பேன், சமையல் நான் செய்வேன். மாடி அறையில் புதுக் கட்டில் போட்டு, விசிறி பூட்டி, என் கையாலேயே மெத்தை அடைத்து வைத்துவிட்டுத்தான் பிளேன் ஏறினேன்.

விமான நிலையத்தில் வதனி என் பையை வாங்கினாள். விரல்களால் பிடிக்கவில்லை. பிடியை முழங்கை மடிப்பில் கொழுவிக்கொண்டாள். வீட்டில் தேத்தண்ணீர்க் கோப்பையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில், கும்பிடுகிறவள் போல வைத்துக் குடித்தாள். நான் கொண்டுபோன எண்ணெய்ப் போத்தலின் மூடியைத் திறக்கப் பார்த்து, முடியாமல், சிரித்துக்கொண்டே குகனிடம் நீட்டினாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன், உன்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தேன் என்று.

"பாப்பம் அப்பா," என்றாள். குகன் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் இருப்பது ரொறன்ரோவின் டோர்செட் பார்க் பகுதியில் ஓர் அடுக்குமாடியின் உயரத்தில். ஜன்னலால் பார்த்தால் கார் நிறுத்தும் இடமும், அதற்கு அப்பால் இன்னோர் அடுக்குமாடியும். குகன் ஒரு தொழிற்சாலையில் விடிய முன் வேலைக்குப் போய், பின்னேரம் வேறொரு வேலைக்குப் போவான். வதனி ஒரு கடையில் பாதி நாள் வேலை. மற்ற நேரம் நான்தான் அந்த வீட்டுக்கு ராசா. ராசாவோடு கதைக்க ஆள் இல்லை. திருச்சியில் என் கடை வாசலில் நான் வாயை மூடினால் பத்துப்பேர் ஏன் என்று கேட்பார்கள். இங்கே லிஃப்டுக்குள் நான்கு தமிழ் ஆட்கள் நின்றாலும் எல்லோரும் மேலே எரிகிற இலக்கத்தையே பார்க்கிறார்கள்.

சாப்பாடும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை கறிகளைச் சமைத்துப் பெட்டி பெட்டியாகக் குளிர்ப்பெட்டியில் அடுக்கி, கிழமை முழுக்கச் சூடுகாட்டித் தின்கிறார்கள். நான் ஒருநாள் மீன் வாங்கி, மிளகாயை வறுத்து, நல்ல குழம்பு ஒன்று வைக்கப் பார்த்தேன். கூரையில் இருந்த புகை மணி கத்தத் தொடங்கியது. அதை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் துவாயால் விசிறினேன். பக்கத்து வீட்டுச் சீனப் பெண் கதவைத் தட்டி, ஒன்றும் பேசாமல் உள்ளே வந்து, கதிரையில் ஏறி அதை அமர்த்திவிட்டு, குழம்புச் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அந்தக் கிழமை என் வீட்டு வாசலுக்கு வந்த ஒரே விருந்தாளி அவள்தான்.

பக்கத்தில் ஒரு பெரிய கடைத்தொகுதி. காலையில் அங்கே போய் வாங்குப் பலகையில் இருப்பேன். என்னைப் போலவே ஓர் இத்தாலிக் கிழவர் வருவார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இத்தாலி தெரியாது, இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் அரைகுறை. ஒருநாள் அவர் கையை நிலத்திலிருந்து இவ்வளவு உயரம், இவ்வளவு உயரம் என்று காட்டிக்கொண்டே போய், பிறகு கையை வாசல் பக்கம் வீசினார். பிள்ளைகள், வளர்ந்தார்கள், போய்விட்டார்கள். நானும் ஒரு உயரம் காட்டினேன். அவர் எனக்குத் தோடம்பழத்தில் பாதியைத் தந்தார். பிறகு இருவரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வதனி வேலையில்லாத நாட்களில் பின்னேரம் கீழ்த்தட்டுக்குப் போவாள். கேட்டால் "தையல் வகுப்பு" என்றாள். விரல் மடங்காதவள் என்ன தைக்கிறாள் என்று நானும் கூடவே இறங்கினேன். கட்டடத்தில் கொண்டாட்டங்களுக்கு விடும் அறை அது. வாசலில் ஒரு பெண் என்னை மறித்தாள். பாக்கியம் ரீச்சர். மட்டக்களப்பில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவர். இங்கே காலையில் ஒரு கோப்பிக் கடையில் வேலை, பின்னேரம் இந்த வகுப்பு. நோயாளருக்கு யோகாசனம் கொடுப்பதை முறையாகப் படித்தவர்.

"அண்ணன், இஞ்ச ஆம்பிளையள் வாறதில்ல. கோவிக்காதீங்க," என்றார்.

அப்போதுதான் விசயம் தெரிந்தது. உள்ளே இருக்கும் பெண்கள் எல்லோருக்கும் தீராத வருத்தம் ஏதாவது உண்டு. மூட்டுவாதம், மூச்சிழுப்பு, சர்க்கரை, முதுகு. ஆனால் வெளியே எல்லோரும் தையல் வகுப்பென்றுதான் சொல்கிறார்கள். தாய்க்கு வருத்தம் என்று தெரிந்தால் மகளுக்குப் பேசி வரும் கலியாணம் நின்றுவிடுமாம். மருமகளுக்கு வருத்தம் என்றால் மாமி ஊர் முழுக்கப் போன் எடுப்பாளாம். கடல் கடந்தும் நம் சனம் இதை மட்டும் கவனமாகக் கட்டிக்கொண்டு போயிருக்கிறது.

நான் ரீச்சரிடம், திருச்சியில் இருந்து சூரணம் கொண்டு வந்திருக்கிறேன், இனி வதனி இங்கிலீஷ் மருந்துக் குளிசைகளை விடலாம் என்றேன். அவர் முகம் மாறியது. குளிசையை விடச் சொல்லுகிற ஆள் எவராயிருந்தாலும் இந்த வகுப்புக்கு எதிரி என்றார். டாக்டர் தருவதை டாக்டர்தான் நிறுத்த வேண்டும், தான் செய்வது அதோடு சேர்ந்து உடம்புக்குக் கொஞ்சம் இளக்கம் கொடுப்பது மட்டும்தான் என்றார். என்னிடம் இப்படிப் பேசியவர்கள் குறைவு. சூரணம் பெட்டியிலேயே கிடந்தது.

பக்கத்தில் துணி தோய்க்கும் மெஷின்கள் நிற்கும் அறை. அங்கே ஒரு கதிரையில் இருந்தேன். நடுவில் மெல்லிய சுவர். கதவு திறக்கும்போது உள்ளே நடப்பதும் கொஞ்சம் தெரியும். சுவரில் காலைச் சாய்த்துப் படுத்திருந்தார்கள். கதிரையில் இருந்தபடி கையை உயர்த்தினார்கள். முழங்காலுக்கும் முதுகுக்கும் கீழே முண்டு கொடுக்க, சோபாவில் இருந்து கழற்றிய மெத்தைத்துண்டும் சுருட்டிய போர்வையும். போர்வை குலைகிறது, மெத்தைத்துண்டு வழுக்குகிறது, பெண்கள் எழுந்து எழுந்து சரிசெய்கிறார்கள். எனக்குக் கை துறுதுறுத்தது. உலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வேலை என் கண்ணுக்கு முன்னால் பிழையாக நடக்கிறது.

திண்டு நான் அடைத்துத் தருகிறேன் என்றேன். ரீச்சர் சந்தோசப்பட்டார். வதனி மட்டும், "இஞ்சை பஞ்சுக்கு எங்கை போவியள்?" என்று கேட்டாள்.

இலவம்பஞ்சு எந்தக் கடையிலும் இல்லை. உள்ளே பருத்தி வைத்துத் தைத்த பழைய போர்வைகளை உரித்தால் பஞ்சு வரும் என்று நான்தான் கண்டுபிடித்தேன். பழைய சாமான் விற்கும் கடைக்கு பஸ் ஏறினேன். இறங்கும் இடம் வந்ததும் நம்மூரில் சொல்வது போல "இறக்கம்" என்று சொன்னேன். பஸ் நிற்கவில்லை. கொஞ்சம் உரத்துச் சொன்னேன். சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்தார், பஸ் ஓடியது. பின் சீட்டில் இரண்டு தமிழ்ப் பெட்டைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். கடைசியில் ஒரு கறுப்பினப் பெரிய மனுசி ஜன்னலோரம் ஓடிய கயிற்றை இழுத்துக் காட்டினாள். மணி அடித்தது. இழுக்கத் தெரிந்தால் போதும், கத்தத் தேவையில்லை என்று அவள் சொன்னதாக அந்தப் பெட்டைகளில் ஒருத்தி எனக்குச் சொன்னாள். வந்த வழியில் வெகுதூரம் திரும்பி நடந்தேன்.

போர்வைகளை வாங்கி, பல்கனியில் உரித்து, தடியால் அடித்துப் பஞ்சாக்கினேன். என் கை அடி என்றால் பஞ்சு பூப்போல எழும்பும். எழும்பியது, கீழே எல்லா பல்கனிகளிலும் போய் விழுந்தது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆள் மேலே வந்து நின்றான். யாரோ காயப்போட்டிருந்த கறுப்புக் கோட்டைத் தூக்கிக் காட்டினான். அது வெள்ளாட்டுக்குட்டி மாதிரி இருந்தது. அதன் பிறகு சாப்பாட்டு அறையில், ஜன்னலைப் பூட்டிக்கொண்டு, மூக்கில் துணி கட்டி அடித்தேன். நீள நீளமாய்த் திண்டுகள் அடுக்கி வைத்தேன். இறுக்கமென்றால் அப்படி ஓர் இறுக்கம். என் கலியாண மெத்தைகள் இருபது வருசம் அமுங்காது, அதே அடைப்பு.

அடுத்த வகுப்புக்கு அவற்றைக் கீழே இறக்கிக் கொடுத்தேன். வகுப்பு முடிந்ததும் மல்வேர்ன் பகுதியில் இருந்து வரும் தேவி என்ற பெண் வெளியே வந்தாள். சர்க்கரை வியாதி, முதுகுவலி, அதற்கு மேலே ஒரு நாக்கு.

"அங்கிள், உது திண்டோ, பனங்குத்தியோ?" என்றாள். "பாலம் போட எண்டு சொல்லியிருந்தா நாங்கள் ஆத்தங்கரையிலை வகுப்பு வைச்சிருப்பம்."

எல்லோரும் சிரித்தார்கள். என் திண்டு வெட்டிப்போட்ட பனங்கட்டையாம். திண்டு மெத்தென்று இருந்தால் என் தொழிலுக்கே அவமானம் என்று நான் சொன்னேன். இழுப்புக்காரப் பெண் ஒருத்தி, முதுகில் அழுத்துது ஐயா என்றாள். நான் அன்று யாரோடும் கதைக்கவில்லை. கதைக்கவும் ஆள் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த வகுப்பு நாளில் உடுப்புத் தோய்க்கிறேன் என்று சொல்லி மெஷின் அறையில் இருந்தேன். பயிற்சி முடிந்தால் அவர்கள் பால் விடாத பிளேன்ரீ குடித்துக்கொண்டு, தங்களுக்கு அந்தக் கிழமை எப்படிப் போனது என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். மெஷின் சுற்றி நின்றது. நின்றதும் சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரல்கள் தெளிவாகக் கேட்டன. கதைத்துக்கொண்டிருந்தது என் மகள்.

"அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்து நிக்கிறார். அங்கை எல்லாருக்கும் சொல்லிப்போட்டுத்தான் வந்திருப்பார். எனக்கு இஞ்சை நிக்க வேணும். காலமை எழும்பினா இந்த விரலுகள் என்ர விரலுகள் இல்லை. ஆனா இந்த அறைக்குள்ளை வந்தா ஒரு மணித்தியாலம் நான் வருத்தக்காரி இல்லை. அங்கை போனா அவர் என்னை ஒரு கோப்பை கழுவ விடமாட்டார். நாள் முழுக்க வருத்தக்காரி. அதை அந்த மனுசனுக்கு எப்பிடிச் சொல்லுறது?"

யாரோ ஏதோ புத்தி சொல்லத் தொடங்க, ரீச்சர் தடுத்தார். "இஞ்ச ஆரும் ஆருக்கும் புத்தி சொல்றதில்ல புள்ள. கேட்டுக்கிட்டு இருக்கிறதுதான்."

பிறகு தேவி மெல்லச் சொன்னாள்: "நீ சொல்லாதை. சொன்னா மனுசன் கவலையிலை இன்னும் நாலு பனங்குத்தி அடைச்சுத் தரும்."

வதனி சிரித்தாள். முதல் நாள் எண்ணெய்ப் போத்தலை நீட்டியபோது சிரித்த சிரிப்பு இல்லை. வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. அப்படி அவள் சிரித்ததை நான் அந்த நாட்டில் முதல் தடவை கேட்டது, சுவருக்கு வெளியே, ஈர உடுப்புக் கூடையோடு நின்றுதான்.

மேலே வந்து, திருப்பி ஏற்றி வைத்திருந்த திண்டுகளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நான் படிக்காதவன், ஆனால் விளங்காதவன் இல்லை. திண்டு சரிவந்தால் அவளுக்கு அந்த அறை இன்னும் சுகப்படும், அவள் இங்கேயே நிற்பாள். பனங்குத்தியாகவே விட்டால் அவளுக்கு அலுக்கும், என்னோடு வந்தாலும் வருவாள். இரண்டும் எனக்குத் தெரியும். கத்தரிக்கோலை எடுத்துத் தையலைப் பிரித்தேன்.

இந்த வயதில் தொழிலைப் புதிதாகப் படித்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. வதனியை நிலத்தில் பாயில் படுக்கச் சொன்னேன். முழங்கால் மடிப்புக்கும் நிலத்துக்கும் நடுவில் கையை வைத்துப் பார்த்தேன். எங்கே நோகுது, எங்கே நோகேல்லை என்று கேட்டேன். ஒரு மெத்தைக்காரன் கேட்காத கேள்வி அது. மாப்பிள்ளை வீட்டாரிடம் நீளம் அகலம்தான் கேட்போம். அவள் முதலில் எல்லாம் சரி அப்பா, சரி அப்பா என்றாள். பிறகு உண்மை வந்தது. இதிலை கொஞ்சம் எடுங்கோ. இன்னும் கொஞ்சம். ஓம், இப்ப காணும், போதும். முழங்காலுக்கு ஓரளவு இறுக்கம், கைக்கு மெத்து, முதுகுக்குத் தலைப்பக்கம் உயர்ந்து கால்பக்கம் தணிந்து வரும் சரிவு. தேவிக்கு எது வேண்டும், இழுப்புக்காரப் பெண்ணுக்கு எது வேண்டும் என்று அவளே கேட்டு வந்து சொன்னாள். எல்லாத் திண்டுக்கும் பக்கத்தில் அகலமான துணி வளையம் வைத்துத் தைத்தேன். விரலால் பிடிக்க வேண்டாம், முழங்கை வரை கையை விட்டுத் தூக்கலாம். அது முழுக்க முழுக்க என் யோசனை.

கடைசித் திண்டை அடைத்து முடித்ததும் வதனி அதில் சாய்ந்து, கண்ணை மூடி, ரீச்சர் சொல்லிக் கொடுத்தபடி மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அப்படியே தூங்கிவிட்டாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நான் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். எழும்பும்போது பக்கவாட்டில் புரண்டு, திண்டில் முழங்கையை ஊன்றி, யார் கையையும் பிடிக்காமல் எழும்பினாள். உதவிக்கு நீட்டிய என் கை சும்மா நீட்டியபடி நின்றது.

வருத்தம் மாறிவிட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். காலையில் விரல்கள் அப்போதும் மடங்கவில்லை. குளிசை அதே குளிசைதான். ஆனால் கீழ்த்தட்டுக்குப் போகும்போது திண்டின் வளையத்தில் கையைக் கொழுவிக்கொண்டு முன்னால் நடந்தாள், நான் பின்னால் போனேன். அன்று தேவி வெளியே வந்து, "அங்கிள், எனக்கும் முதுகு எண்டு ஒண்டு இருக்கெண்டு இண்டைக்குத்தான் மறந்தன்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். என்னை உள்ளே கூப்பிடவில்லை.

பனி தொடங்கப் போகிறது என்று எல்லோரும் சொன்ன ஒரு காலையில், பாணுக்கு நான் பட்டர் பூசிக்கொண்டிருந்தபோது வதனி வந்து எதிரே இருந்தாள்.

"அப்பா, நான் வரேல்லை."

"ஆர் உன்னை வரச்சொன்னது?" என்றேன். "திருச்சியிலை கிடக்கிற வெயில் உனக்குத் தாங்காது."

அவள் என் கையிலிருந்த கத்தியை வாங்கி, இரண்டு கைக்கும் நடுவில் பிடித்து, பாணுக்குத் தானே பட்டரைப் பூசினாள். கோணல் மாணலாக இருந்தது. நான் கை வைக்காமல் விட்டுவிட்டேன்.

திருச்சிக்குத் திரும்புமுன் கடைத்தொகுதிக்குப் போனேன். இத்தாலிக் கிழவரைக் காணவில்லை. வாங்கில் வேறு யாரோ இருந்தார்கள். பிளேனில் பக்கத்து இருக்கை காலி. சாப்பாடு கொண்டு வந்த பெண், கூட யாரும் இருக்கிறார்களா என்று கேட்டாள். அது எனக்கு விளங்கியது. இல்லை என்று இங்கிலீஷிலேயே சொன்னேன்.

திருச்சியில் மாடி அறைக் கட்டிலில் இப்போது பஞ்சு மூட்டை கிடக்கிறது. கடையை வந்த அன்றே திறந்துவிட்டேன். மகளைக் கூட்டி வரவில்லையா என்று கேட்டவர்களுக்கு, அங்கே அவளுக்கு ஏகப்பட்ட வேலை என்றேன்.

போன மாதம் வதனி ஒரு துண்டுப்பிரசுரம் அனுப்பினாள். வகுப்பு தொடங்கி ஒரு வருசம் நிறைந்ததற்கு அடித்தது. என்னென்ன வருத்தம் உள்ளவர்கள் வரலாம், டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள் என்றெல்லாம் இருந்தது. ரீச்சருக்கு நன்றி, டாக்டருக்கு நன்றி, அறை தந்தவர்களுக்கு நன்றி, மனைவிமாரைக் காரில் கொண்டுவந்து விடும் கணவன்மாருக்கு நன்றி. கடைசி வரியில், திண்டுகளை அன்பளிப்புச் செய்த நலன்விரும்பி ஒருவருக்கும் நன்றி.

நலன்விரும்பி ஒருவர். மூன்று தடவை கடை எழுப்பினவன் நான். என்னை யாரும் "ஒருவர்" என்று எழுதியதில்லை.

வகுப்பு நேரம் பார்த்து ரீச்சருக்கு ரெலிபோன் எடுத்தேன். ரீச்சர் அமைதியாகக் காரணம் சொன்னார். வகுப்புக்கு வருகிறவர்களின் பெயர் எங்கும் வருவதில்லை, உங்கள் பெயரைப் போட்டால் மகள் யார் என்று தெரிந்துவிடும் என்றார். அப்போது வதனி போனை வாங்கினாள். "போடச் சொல்லுங்கோ அப்பா. தெரிஞ்சா தெரியட்டும். எனக்கு இருக்கிறது வருத்தம், களவு இல்லை," என்றாள். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அடுத்த தடவை அச்சடிக்கும்போது, மெத்தைக்கடை வைத்திலிங்கம், யாழ்ப்பாணம், பிறகு திருச்சி என்று முழுப் பெயரையும் போட வேண்டும். ரீச்சரின் பங்கு பெரியது, அதைக் குறைக்கச் சொல்லவில்லை. டாக்டரின் பங்கும் குகனின் பங்கும் இருக்கட்டும். ஆனால் என் மகள் என்னோடு வராமல் அங்கேயே நின்றாளே, அதில் என் கைக்கும் ஒரு பங்கு உண்டு. அதையும் எழுதுங்கள்.